பெரிய உளவியல் மாநாட்டுக்கு முதல் தடவை போகிறவருக்கு

கேள்வி இதுதான். கேட்டவர் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் ஓர் உளவியல் மாநாட்டில் போஸ்டர் வைக்க, அதாவது ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டிப் பக்கத்தில் நின்று விளக்க, அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் ஒரே நேரத்தில் இருபது அமர்வுகள்; பார்க்கும்போதே தலை சுற்றுகிறது என்கிறார். கூச்ச சுபாவம் வேறு. "எல்லாம் பின்னால் கட்டுரையாக வரத்தானே போகிறது, இவ்வளவு செலவு செய்து போய் என்ன கிடைக்கும்? போனால் எதைப் பார்ப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது? போஸ்டரை எப்படிக் கொண்டுபோவது?"

கட்டுரையாக வரத்தானே போகிறது என்று நினைக்கும் இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. கட்டுரையாக வரப்போவதற்காகப் போக வேண்டாம், அதை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். வராமலே போகப்போகிறவை சில உண்டு. அவற்றுக்காகப் போங்கள்.

நம் துறையில் இது சின்ன விஷயம் இல்லை. எதிர்பார்த்த விளைவு கிடைக்காத ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிடுகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் ரோசந்தால் 1979-லேயே எழுதினார். வெளியானதை மட்டும் நம்பிவிட முடியாது என்பதை 2015-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த கூட்டு முயற்சி ஒன்று காட்டிவிட்டது. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி முக்கியமான, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத, முடிவு கண்டவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. அதாவது, இதழ்களை மட்டும் படிக்கிற ஒருவருக்குத் துறையின் பாதி முகம்தான் தெரிகிறது. மீதிப் பாதி காபி வரிசையிலும் போஸ்டர் பலகைகளுக்கு நடுவிலும் வாய்மொழியாக நடமாடிக்கொண்டிருக்கிறது.

என் முதல் போஸ்டரையே சொல்கிறேன். உணர்ச்சி நிறைந்த சொற்கள் சாதாரணச் சொற்களைவிட நன்றாக நினைவில் நிற்கின்றனவா என்று பார்த்த சிறிய ஆய்வு அது. விளைவு பளிச்சென்று வந்திருந்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு மணி நேர அமர்வில் முதல் நாற்பது நிமிடம் ஒருவரும் நிற்கவில்லை. பக்கத்துப் பலகைக்கு முன்னால் கூட்டம். நான் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பெண்மணி வந்தார். தலைப்பையோ வரைபடத்தையோ பார்க்கவில்லை. குனிந்து, இடது மூலையில் பொடி எழுத்தில் இருந்த செய்முறைப் பகுதியைப் படித்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பங்கேற்பாளர்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னீர்கள்?"

ஆய்வகம் காலியாக இருக்கும்போது வரச் சொன்னோம் என்றேன்.

"அப்படியென்றால் காலையில் சிலர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலர்?"

ஆமாம் என்றேன். அவர் என் கையிலிருந்த சுருக்கத் தாளை வாங்கி, பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று சரிவாக ஏறியது, இன்னொன்று தட்டையாகக் கிடந்தது. இதே மாதிரி ஆய்வை அவர் இரண்டு முறை செய்திருக்கிறார். மதியம் வந்தவர்களிடம் விளைவே தெரியவில்லை. எங்கேயும் வெளியிடவில்லை, "யார் போடுவார்கள்?" என்று சிரித்தார். திரும்பி வந்து என் தரவை நேரப்படி பிரித்துப் பார்த்தேன். என் பளிச்சென்ற விளைவில் பெரும்பகுதி காலைக் கூட்டத்திடமிருந்துதான் வந்திருந்தது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத ஆறு மாதம் ஆனது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி, எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

பெரிய மாநாட்டில் தலைமை உரை, பல உரைகள் சேர்ந்த சிம்போசியம், தனிக் கட்டுரைகளை வரிசையாக வாசிக்கும் அமர்வு, போஸ்டர் அமர்வு, பயிலரங்கு, சங்கத்தின் உட்பிரிவுகள் நடத்தும் கூட்டங்கள் என்று பல வகை உண்டு. முதல் தடவை போகிறவர்கள் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பாடப்புத்தகத்தில் படித்த மனிதரை நேரில் பார்க்கலாமே என்ற ஆசை. போகட்டும், ஒன்று இரண்டுக்குப் போங்கள், அது தப்பில்லை. ஆனால் பெரிய பெயர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதியதைத்தான் மெருகேற்றிச் சொல்வார்கள். அரங்கும் பெரிது, கேள்வி கேட்க வாய்ப்பும் குறைவு.

நேரில் இருந்திருக்க வேண்டிய உரைகளும் இருக்கத்தான் செய்கின்றன. 1990 ஆகஸ்ட் 10 அன்று பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில், நடத்தையை ஆராய்வதே உளவியல் என்ற பள்ளியின் பெரிய பெயரான பி.எஃப். ஸ்கின்னர் பேசினார். வயது 86, ரத்தப் புற்றுநோய் முற்றிய நிலை. மனதுக்குள் நடப்பதை ஆராயும் அறிவாற்றல் உளவியலை, அதைச் செய்கிறவர்கள் நிறைந்த அரங்கிலேயே, விட்டுக்கொடுக்காமல் சாடினார். எட்டு நாளில் இறந்துபோனார். அந்த உரையின் கட்டுரை வடிவம் அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இடம் பிடிக்க முடியாது என்பதுதான் சங்கடம். 1956-ல் சிகாகோவில் நடந்த அதே சங்கத்தின் மாநாட்டில் எவலின் ஹுக்கர் என்ற உளவியலாளர் தன் ஆய்வை வைத்தார். ஓரினச்சேர்க்கையாளர்களான 30 ஆண்கள், அல்லாத 30 ஆண்கள். மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் போன்ற சோதனைகளில் அவர்கள் கொடுத்த பதில்களைப் பார்த்து யார் எவர் என்று தேர்ந்த நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது தலைமை உரை கிடையாது. ஓரினச்சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நீக்கியது 1973-ல். அதற்கு முன் நடந்த வாதங்களில் ஹுக்கரின் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே நான் செய்வது இது. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு அமர்வுகளை உறுதி செய்துகொள்வேன். ஒன்று என் ஆய்வுத் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மற்றொன்று தலைப்பு எதுவானாலும் நான் பயன்படுத்தும் அதே செய்முறையைப் பயன்படுத்துவது. இரண்டாவது வகையில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. குழந்தைகளின் பேச்சை ஆராய்கிறவரும் முதியவர்களின் கவனத்தை ஆராய்கிறவரும் ஒரே கண்ணசைவுக் கருவியோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்றால், இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது. மீதி நேரத்தைக் காலியாக விடுங்கள். மாநாட்டு அரங்குகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவே கால் மணி நேரம் பிடிக்கும். அடுத்தடுத்த அமர்வுகளுக்குக் குறித்துவைத்தால் இரண்டிலும் பாதிதான் கேட்பீர்கள்.

சிம்போசியத்துக்குப் போனால் கடைசிவரை இருங்கள். மூன்று நான்கு உரைகள் முடிந்ததும் கருத்துரையாளர் என்று ஒருவர் எழுந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுவார். நேரம் போய்விட்டது என்று பலர் அப்போதுதான் பையை எடுப்பார்கள். எந்த உரை வலுவானது, எது சும்மா பூச்சு, பேசியவர்கள் ஒருவருக்கொருவர் எங்கே முரண்படுகிறார்கள் என்று மரியாதையான வார்த்தைகளில் போட்டு உடைப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். "இந்த முடிவு மேலும் ஆராயத் தக்கது" என்று கருத்துரையாளர் சொன்னால், அவர் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தின் அளவைப் பார்த்து மிரள வேண்டாம். பெரிய மாநாடு என்பது நிறையச் சிறு மாநாடுகள் ஒரே கூரையின் கீழ் நடப்பது. 1892-ல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கத்துக்கு இன்று 54 பிரிவுகள் இருக்கின்றன (எண் மட்டும் 56 வரை போகும், 4, 11 இரண்டும் ஆளில்லாமல் காலி). ஒவ்வொன்றும் தனக்கென்று அமர்வுகள், தேநீர்ச் சந்திப்பு, மாணவர் கூட்டம் எல்லாம் வைத்திருக்கும். உங்கள் மாநாட்டிலும் இப்படிப்பட்ட உட்பிரிவு இருந்தால் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் அதே முப்பது நாற்பது முகங்கள் கண்ணில் படும். இரண்டாம் நாளே தலையசைப்பு வரும், மூன்றாம் நாள் பேச்சு வரும்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் துறையிலேயே மருந்து இருக்கிறது. தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமான படம் போட்ட டிஷர்ட்டை மாட்டிக்கொண்டு மாணவர்கள் ஓர் அறைக்குள் நுழைய வேண்டும். கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நுழைந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை. நீங்கள் தனியாக நிற்பதை அந்த ஹாலில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவரவர் தாங்கள் தனியாக நிற்பதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, 2018-ல் எரிகா பூத்பியும் சகாக்களும் எழுதியது. புதியவரோடு பேசிவிட்டு வந்தபின், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோமாம். பேசி முடித்த பிறகு "உளறிவிட்டேனோ" என்று உள்ளே குடையும் அந்தக் குரலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்காக அரங்கு வாசலில் நின்று பெரிய பேராசிரியரைப் பிடித்து "உங்கள் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். நன்றி என்பார், அதோடு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு குறிப்பான கேள்வி வைத்திருங்கள்: "உங்கள் இரண்டாவது சோதனையில் பயிற்சிச் சுற்றை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" இதைக் கேட்டால் நின்று பேசுவார், ஏனென்றால் அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கட்டுரையின் பின்கதை அங்கேதான் வெளியே வரும். ஒரே நேரத்தில் ஏழு பொருள் அளவுக்குத்தான் நம் நினைவு தாங்கும் என்று பேசும் ஜார்ஜ் மில்லரின் 'மாய எண் ஏழு' கட்டுரை நினைவிருக்கும், 1956-ல் வந்தது. அதன் மூலம் 1955-ல் ஒரு வட்டார உளவியல் சங்கத்தின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை. ஒரு மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். கையில் இருந்ததோ ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வேலைகள், தனித்தனியே எதுவும் ஒரு மணி நேரத்துக்குக் காணாது. இரண்டிலும் ஏழை ஒட்டிய எண் தலைகாட்டியது. அதையே கயிறாக வைத்துக் கட்டினார். மாநாட்டு உரைக்கு நேரத்தை நிரப்ப வேண்டிய நெருக்கடி இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே பிறந்திருக்காது. இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னதால்தான் நமக்குத் தெரியும்.

மூத்தவர்களைவிட உங்கள் வயதுக்காரர்களிடம் அதிக நேரம் செலவிடுங்கள் என்பது என் கட்சி. தரவைச் சேகரித்தவர் பெரும்பாலும் மாணவர்தான். எந்தக் கேள்வி பங்கேற்பாளருக்குப் புரியவில்லை, எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள், எந்த மென்பொருள் நள்ளிரவில் கவிழ்ந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வேலை விஷயத்திலும் இது உதவும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் சொன்னது இன்னும் பொருந்துகிறது: நெருங்கிய நண்பர்களைவிட லேசாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதுச் செய்தி வரும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்குமே.

சரி, உங்கள் போஸ்டர். 2019-ல் மைக் மாரிசன் என்ற உளவியல் முனைவர் பட்ட மாணவர் ஒரு புது வடிவத்தை முன்வைத்தார். நடுவில் பெரிய எழுத்தில் ஒரே வாக்கியத்தில் கண்டுபிடிப்பு, ஓரத்தில் விவரங்கள், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் கோடு. மாநாட்டு ஹால்களின் தோற்றமே மாறிவிட்டது. நடந்துபோகிறவருக்கு அது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு செய்முறையையே தூக்கிவிடுகிறார்கள். என் போஸ்டரில் அந்தப் பொடி எழுத்து இல்லாவிட்டால் அந்தப் பெண்மணி நின்றிருக்கவே மாட்டார். நடுவில் பெரிய வாக்கியம் இருக்கட்டும். கூடவே மாதிரி அளவு, யார் எப்போது எப்படிப் பங்கேற்றார்கள், விளைவின் அளவு, எது வேலை செய்யவில்லை, இவை ஒரு மூலையிலாவது இருக்கட்டும். வேலை செய்யாததை எழுத மாணவர்கள் பயப்படுவார்கள். எழுதிப் பாருங்கள், "எங்களுக்கும் அப்படித்தான்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள்.

யாராவது வந்து நின்றால் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பிக்காதீர்கள். அவர் இரண்டு வரி படிக்கட்டும். பிறகு "நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சிகிச்சை அளிக்கிறவர் என்றால் ஒரு விதமாகச் சொல்ல வேண்டும், புள்ளியியல்காரர் என்றால் வேறு விதம். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவரிடம் யாரும் தங்கள் தோல்விக் கதையைச் சொல்வதில்லை.

இரண்டு எச்சரிக்கை. அடுத்தவர் ஸ்லைடையோ போஸ்டரையோ படம் எடுக்குமுன் கேளுங்கள். வெளியாகாத தரவு என்றால் சிலருக்கு ஆட்சேபம் இருக்கும். நோயாளிகளைப் பற்றிய அமர்வு என்றால் கேட்பதற்கே இடமில்லை, கைபேசி பையில் இருக்கட்டும். இன்னொன்று இந்த மாநாட்டுக்குப் பொருந்தாது, இனி வரும் அழைப்புகளுக்கு. "மதிப்புக்குரிய அறிஞரே" என்று தொடங்கி, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பில் பேச அழைத்து, சுருக்கம் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்கும் மின்னஞ்சல்கள் வரும். பின்னால் எந்தச் சங்கம் இருக்கிறது, சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா, யார் மதிப்பீடு செய்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் குப்பைக் கூடைதான்.

செலவைப் பொறுத்தவரை, தொண்டர்களாக வேலை செய்யும் மாணவர்களுக்குப் பல மாநாடுகளில் பதிவுக் கட்டணத்தைக் குறைப்பார்கள் அல்லது விட்டுவிடுவார்கள். உட்பிரிவுகள் தனியாகப் பயண உதவித்தொகை தருவதும் உண்டு. கூச்சம் உள்ளவருக்குத் தொண்டர் வேலை இன்னொரு விதத்திலும் நல்லது. பதிவு மேசையில் உட்கார்ந்தால் எல்லாரும் தாங்களாகவே உங்களிடம் வந்து பேசுவார்கள்.

இரவு அறைக்கு வந்ததும் அன்று பேசியவர்களின் பெயரை எழுதி, பக்கத்தில் நீங்கள் அனுப்புவதாகச் சொன்னதை எழுதுங்கள்: வினாத்தாள், நிரல், கட்டுரை, எதுவானாலும். மறுநாள் காலையில் பாதி மறந்துவிடும். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள், மூன்று வரி போதும். அந்தப் பெண்மணிக்கு நான் அனுப்பியது என் தரவின் நேரவாரிப் படம். பதிலுக்கு அவருடைய இரண்டு ஆய்வுகளின் முழுத் தரவும் வந்தது.

கடைசியாக, போஸ்டரைக் கொண்டுபோவது. காகிதத்தில் அச்சடித்தால் நீளக் குழாயில் போட்டுக் கையோடுதான் எடுத்துப் போக வேண்டும், பெட்டியோடு அனுப்பினால் பெட்டி ஒரு பக்கம் குழாய் ஒரு பக்கம் போய்ச் சேரும் அபாயம் உண்டு. துணியில் அச்சடித்துவிடுங்கள். சட்டை மாதிரி மடித்துப் பையில் வைக்கலாம், சுருக்கம் விழுந்தால் பின்பக்கமாக லேசாக இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். பலகையில் குத்த ஊசிகள் தருவார்கள் என்று நம்பாமல் பத்து ஊசி கூடவே எடுத்துப் போங்கள், பக்கத்துப் பலகைக்காரருக்கும் தேவைப்படும்.